தரம் ஒன்பதில் ஒரு கேள்வி: விஞ்ஞானக் கண்காட்சிகளும் மன்னார்க் கரையின் பொறியியலாளர்களும்

இலங்கையின் எந்த வலயத்தில் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி நடந்தாலும் சில பொருள்கள் தவறாமல் வந்துவிடும். அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றப் பொங்கும் எரிமலை. ஊசிக்குழாய்களில் சாயத்தண்ணீர் நிரப்பி இயக்கும் பாரந்தூக்கி. ரெஜிபோம் தகட்டில் வீடுகள், வீதி, நடுவே ஒரு காற்றாலை. காற்றாலையின் இறக்கை பற்றறியில் சுழலும். இந்தக் கடைசிப் பொருளை மன்னார் மாவட்டத்தில் பார்க்கும்போது ஒரு மாதிரித்தான் இருக்கும். மன்னார்த் தீவில் 'தம்பபவனி' என்ற பெயரில் 30 உண்மையான காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். அங்கே காற்று மின்சாரத்தை ஆக்குகிறது. பிள்ளையின் மேசையிலோ மின்சாரம் காற்றை ஆக்குகிறது. ஒரு நடுவர் நின்று, "தம்பி, இதிலே மின்சாரம் எங்கேயிருந்து எங்கே போகுது?" என்று கேட்டால் பொறியியல் அந்த இடத்தில் தொடங்கிவிடும். பெரும்பாலான நடுவர்கள் கேட்பதில்லை. புள்ளித்தாளில் 'தோற்றப்பொலிவு' என்றொரு நிரல் இருக்கிறது, அதை நிரப்பிவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள்.

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போகும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவைக் கடந்து வெள்ளாங்குளத்தை அடையுமுன் வருவது இலுப்பைக்கடவை. மாந்தை மேற்குப் பிரதேச செயலர் பிரிவு, கல்வி நிர்வாகத்தில் மடு வலயம். ஒரு பக்கம் குளத்துத் தண்ணீரையும் மழையையும் நம்பிய வயல், மறுபக்கம் கண்டல் மரங்களும் ஆழமில்லாத கடலும். 2008இன் நடுவில் போர் இந்த வீதி வழியே வடக்கு நோக்கி நகர்ந்தபோது ஊர் முழுவதும் பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் வீட்டையும் வயலையும் பாடசாலையையும் மறுபடி தொடங்கினார்கள். இந்த ஊரில் தரம் 8இலோ 9இலோ படிக்கும் பிள்ளையொன்று கண்காட்சிக்காக ஒரு செயற்றிட்டம் செய்வதால், பிற்காலத்தில் அது பொறியியலாளராகும் வாய்ப்புக் கூடுகிறதா? கூடினால் எந்த வழியால்? எங்கே அந்த வழி அறுகிறது? இந்தக் கட்டுரை அதைப் பார்க்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுகிறது. ஆனால் பரிசினாலும் சான்றிதழினாலும் கூடுவது மிகக் குறைவு. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு எந்தத் துறையில் உயர்தரம் படிப்பது என்று பிள்ளை முடிவெடுக்கும் அந்தச் சில வாரங்களில்தான் கண்காட்சி வேலை செய்கிறது. ஆகவே அதற்கு முன்பே அது பிள்ளையைச் சென்றடைய வேண்டும்.

மாணவர் கண்காட்சி என்ற ஏற்பாடு நாம் நினைப்பதைவிடப் பழையது. 1928இல் நியூயோர்க் நகரின் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு சிறுவர்களுக்கான கண்காட்சியை நடத்தியது. 1942இல் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் பணத்தில் விஞ்ஞானத் திறமைத் தேடல் போட்டி தொடங்கியது. 1950இல் பிலடெல்பியாவில் முதலாவது தேசியக் கண்காட்சி, 1958இல் அதுவே சர்வதேசக் கண்காட்சி. இன்று 'ஐசெஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதுதான். 2020 முதல் அதற்குப் பணம் கொடுப்பது ரீஜெனரோன் என்ற மருந்து நிறுவனம். அந்நிறுவனத்தின் நிறுவுநர்களில் ஒருவரான ஜோர்ஜ் யன்கோபோலஸ் 1976இல் அதே திறமைத் தேடலில் வென்ற மாணவர். இப்படியான கதைகளைக் கண்காட்சி அமைப்பாளர்கள் மிக விரும்பிச் சொல்வார்கள். அந்தப் போட்டியின் பழைய மாணவர் பட்டியலில் நோபல் பரிசாளர்களும் உண்டு. ஆனால் வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பவர்களுக்கு எல்லாப் போட்டியும் நல்ல போட்டிதான். எங்கள் கேள்விக்கு உதவும் கதை அந்த வரிசையில் இல்லை. அது மேற்கு வேர்ஜினியாவின் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் இருக்கிறது.

கோல்வுட் என்ற அந்த ஊரில் பையன்களுக்கு முன்னால் பெரிதாக ஒரே வழிதான் இருந்தது, சுரங்கம். 1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் வானில் ஏறியது. அதைப் பார்த்த ஹோமர் ஹிக்கம் என்ற மாணவனும் கூட்டாளிகளும் ரொக்கெட் செய்யத் தொடங்கினார்கள். முதல் முயற்சியில் வீட்டு வேலியை வெடிக்கவைத்தார்கள். ஃப்றீடா றைலி என்ற ஆசிரியை அவர்களுக்கு ஏவுகணை வடிவமைப்புப் பற்றிய ஒரு பாடநூலைத் தேடிக் கொடுத்தார். அதைப் படிக்க நுண்கணிதம் வேண்டியிருந்தது, படித்தார்கள். எரிந்த வாயு வெளியேறும் முனையை உருக்கில் கடைந்து தந்தவர்கள் சுரங்கத்து இயந்திரப் பட்டறைத் தொழிலாளர்கள். பாடசாலையில் அப்படிக் கடைசல் இயந்திரம் இல்லை, ஊரில் இருந்தது. 1960இல் இண்டியானாபொலிஸில் நடந்த தேசியக் கண்காட்சியில் அவர்களின் செயற்றிட்டம் பதக்கம் பெற்றது. ஹிக்கம் 1964இல் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார், வியட்நாம் போருக்குப் போனார், 1981இல் நாசாவில் சேர்ந்து விண்வெளி வீரருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறியியலாளரானார். 1998இல் எழுதிய நூல் அடுத்த வருடமே 'ஒக்டோபர் ஸ்கை' என்ற படமாகவும் வந்தது.

படத்தைப் பார்ப்பவர்களுக்குப் பதக்கம் வாங்கும் காட்சிதான் நினைவில் நிற்கும். எனக்கு முக்கியமாகப் படுவது பட்டறை. அந்தப் பையன்கள் பொறியியலைக் கற்றது கண்காட்சி மண்டபத்தில் அல்ல, கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று, "இந்தத் துளை இவ்வளவுதான் இருக்கவேண்டும், ஏன்?" என்று கணக்குப் போட்டபோது. கண்காட்சி செய்ததெல்லாம் அந்த வேலைக்கு ஒரு முடிவுத் திகதியையும், ஊருக்கு வெளியே அதைக் கேட்டுப் பார்க்க ஒரு கூட்டத்தையும் கொடுத்ததுதான். அது சிறிய விடயம் என்றும் சொல்லமாட்டேன். முடிவுத் திகதி இல்லாத ரொக்கெட் வேலிக்கு அப்பால் போயிருக்காது.

ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். மில்லர், சொனெர்ட், சாட்லர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் அவர்களுடைய பாடசாலைக் காலத்துப் போட்டி அனுபவத்தைக் கேட்டது. விஞ்ஞான, பொறியியல் போட்டிகளில் பங்குபற்றியவர்கள் அத்தொழில்களில் கூடுதல் நாட்டம் காட்டினார்கள். ஆரம்பத்திலேயே இருந்த ஆர்வத்தைக் கணக்கில் கழித்த பின்னும் வேறுபாடு நின்றது. 'ஆர்வமுள்ளவன்தானே போட்டிக்குப் போவான்' என்ற நியாயமான ஐயத்துக்கு இது ஒரு பதில், முழுப் பதில் என்று சொல்லமுடியாது. ரெக்ஸாஸில் ஃபிறெடறிக் கிறினெல் என்பவரின் குழு செய்த ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்கின்றன. தாமாக விரும்பிக் கலந்துகொண்ட பிள்ளைகளிடம் ஆர்வம் உயர்ந்த அளவுக்குக் கட்டாயத்தின்பேரில் கலந்துகொண்டவர்களிடம் உயரவில்லை. அதிபர் அறையில் "தரம் 9 பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவரவேண்டும்" என்று அறிவிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா, அப்படி அறிவிக்கும் அதிபர்களுக்கு இந்த வரி.

இலங்கையில் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலை விஞ்ஞானச் சங்கங்களையும் மாணவர் ஆய்வுச் செயற்றிட்டப் போட்டியையும் நடத்துகிறது. 1906இல் தொடங்கிய பொறியியல் சங்கத்தின் வழிவந்த இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் தேசிய மட்டத்தில் விஞ்ஞான பொறியியல் கண்காட்சியை ஒழுங்கு செய்து, வெல்பவர்களை ஐசெஃப்புக்கு அனுப்புகிறது. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான புத்தாக்குநர் ஆணைக்குழு 'சஹசக் நிமவும்' என்ற பெயரில் கண்டுபிடிப்புகளின் கண்காட்சியை நடத்துகிறது. ஏணி இருக்கிறது. ஏணியின் மேற்படியில் நின்றாலும் பல்கலைக்கழகக் கதவு அதனால் திறக்காது என்பதுதான் நம் நிலைமை. பொறியியல் பீடத்துக்குள் போக வேண்டியது இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் உயர்தரப் பெறுபேறு. அதை ஸெட் புள்ளியாக்கி வரிசைப்படுத்துகிறார்கள். 40 சதவீத இடம் நாடளாவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. மன்னார் அந்த 16இல் ஒன்று. இந்தக் கணக்கில் கண்காட்சிக் கேடயத்துக்கு ஒரு தசமப் புள்ளிகூட இல்லை.

அமெரிக்காவில் கண்காட்சிப் பரிசு கல்லூரி விண்ணப்பத்தில் எழுதப்படும், பணமாகவும் புலமைப்பரிசிலாகவும் வரும். அங்கிருந்து இங்கே கொண்டுவந்த ஏற்பாடு, அந்த முனை வெட்டப்பட்டே வந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேடயத்துக்குப் புள்ளி கொடுத்தால் மறுநாளே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'செயற்றிட்ட ரியூஷன்' தொடங்கிவிடும். இலுப்பைக்கடவைப் பிள்ளை அதிலும் பின்னுக்குப் போகும்.

அப்படியானால் இங்கே கண்காட்சி எந்த வழியால் தொழிலைத் தொடமுடியும்? இலங்கைப் பாடசாலைகள் வகை பிரிக்கப்பட்டவை. 1ஏபி பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதத் துறைகள் உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும் போன்றவை மட்டும். வகை 2 பாடசாலை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். மாந்தை மேற்குப் போன்ற பகுதியில் கணிதத் துறையைத் தெரிவுசெய்வது பாடத்தைத் தெரிவுசெய்வது மட்டுமல்ல. ஊரைவிட்டு, வீட்டைவிட்டு, விடுதியிலோ உறவினர் வீட்டிலோ இரண்டு வருடங்களுக்கு மேல் இருக்கச் சம்மதிப்பது. பதினாறு வயதுப் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, அந்த முடிவை எடுப்பதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்லவேண்டும். 'கணக்கு நல்லாய்ச் செய்வாள்' என்பது போதாது. அது ரீச்சர் ஆகவும் போதும், வங்கிக்குப் போகவும் போதும். 'அவள் ஒரு வருடமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரை அளந்து பார்த்தாள், இன்னும் பார்க்க நினைக்கிறாள்' என்பது வேறுமாதிரியான காரணம். தகப்பனுக்கு விளங்கும். அந்தக் காரணத்தை உண்டாக்குவதுதான் இந்தக் கரையில் கண்காட்சி செய்யக்கூடிய பெரிய வேலை. தரம் 12இல் வரும் கண்காட்சியால் அது முடியாது. துறை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, பிள்ளைக்கும் நேரமில்லை. ஐசெஃப் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு உரியது என்பதால் தேசியப் போட்டியின் கவனம் இயல்பாகவே மேல் வகுப்புகளுக்குப் போகிறது. மடு வலயம் கவனிக்கவேண்டியது தரம் 8, 9, 10.

கடலுக்கு அப்பால் இதைக் கொஞ்சம் முன்பே கண்டுகொண்டார்கள். இந்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர் – மானக்' திட்டம் தொடக்கத்தில் 6 முதல் 10 வரையான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. தெரிவாகும் எண்ணத்துக்கு 10,000 ரூபாய், செய்து முடித்த பிறகு அல்ல, செய்வதற்கு முன்பே. இந்த 'முன்பே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பரிசு என்பது ஏற்கெனவே பணம் செலவழிக்க முடிந்தவனுக்குக் கிடைப்பது, முற்பணம் இல்லாதவனைத் தொடங்கவைப்பது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னொரு படி போனது. 10 முதல் 17 வயதுவரையான பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பிரச்சினையை, தங்கள் மொழியிலேயே ஆராய்ந்து சொல்லலாம். தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 'துளிர்' இதழை வெளியிடுவதும் அவர்களே. திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் தெருவில் கரிப்பெட்டியால் துணி தேய்க்கும் வண்டியைப் பார்த்து, சூரிய மின்சாரத்தில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார், 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டியின் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் செய்த 64 கிராம் 'கலாம்சாட்' 2017 ஜூனில் நாசாவின் ரொக்கெட்டில் ஏறியது. செய்தித்தாள்களுக்கு இரண்டாவது கதைதான் பிடித்தது. எனக்கு முதலாவது. தெருவில் நின்ற வண்டி அது. அதைப் பார்க்க விண்வெளிக்குப் போகவேண்டியதில்லை.

கலாம் என்றதும் ஒன்று. தலைமன்னாருக்கு நேர் எதிரே, நீரிணையின் அக்கரையில் இராமேஸ்வரம். நம் பக்கத்துக் கண்காட்சித் திறப்புரைகளில் அப்துல் கலாமும் அவருடைய கனவும் வராமல் விடுவதில்லை. கனவைப் பற்றிப் பேசுபவர்கள், சென்னை எம்.ஐ.ரி.யில் அவர் வரைந்த தாழ்ந்து பறக்கும் தாக்குதல் விமானத்தின் வடிவமைப்பைப் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் ஏற்க மறுத்ததையும், மூன்று நாளில் திருத்தித் தராவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றதையும் சொல்வதில்லை. அவரே எழுதிவைத்த செய்தி. அவரைப் பொறியியலாளராக்கியதில் கனவுக்கு எவ்வளவு பங்கோ, அந்த மறுப்புக்கும் அவ்வளவு பங்கு இருக்கவேண்டும். மறுக்கத் தெரிந்த நடுவர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கரையில் பொறியியலுக்கான பொருள் எங்கே இருக்கிறது? எங்கும் இருக்கிறது, ஆனால் மேசைக்கு வருவதில்லை. போர்க்காலத்தில் வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களை நினைத்துப் பார்ப்போம். பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்துச் சொட்டு எண்ணெயில் இரவெல்லாம் படித்தார்கள். இதைச் செய்தவர்களில் மிகச் சிலரே பொறியியல் பீடத்தைக் கண்டவர்கள். கராஜ்காரர்களும் வாத்திமாரும் பிள்ளைகளும் செய்தார்கள். அவ்வளவு கைத்திறமையும் பெரும்பாலும் எழுதப்படாமலே போனது. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு நேரம், எந்தத் திரி, எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு பிள்ளை அட்டவணை போட்டிருந்தால் அது நல்ல செயற்றிட்டம்.

தெற்கில் ஒருவர் இப்படியான விளக்கை ஆராய்ந்து பார்த்தார். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், போத்தல் விளக்குக் கவிழ்ந்து எரிந்த உடல்களைத் தம் வைத்தியசாலைக் கட்டில்களில் பார்த்தவர். அவர் கேட்ட கேள்வி, 'விளக்கு எப்படி எரியும்?' என்பதல்ல, 'எப்படிக் கவிழும்?' என்பது. குட்டையான, பாரமான கண்ணாடி, உருளாமல் இருக்க இரண்டு தட்டைப் பக்கம், எண்ணெய் சிந்தாமல் திருகி மூடும் மூடி. மார்மைற் போத்தலின் வடிவம்தான் அவருக்கு வழி காட்டியது. அந்தச் 'சுதீப' விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அழகான விளக்கு என்றால் யாரும் செய்யலாம். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்பவர்தான் பொறியியலாளர். பட்டம் வைத்தியப் பட்டமாக இருந்தாலும் சரி.

வயலில் ஓடும் இருசில்லு உழவு இயந்திரம் இந்தப் பக்கத்தாரின் வாயில் இன்றும் 'லாண்ட்மாஸ்டர்'தான். அதன் மூல வடிவத்தை 1950களில் ஆக்கியவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன. பிற்காலத்தில் அவரே, இந்த இயந்திரம் விளைச்சலைக் கூட்டியதா, அல்லது எருமை செய்த வேலையை எஞ்சினிடம் கொடுத்ததா என்று கேட்டுக்கொண்டு மண் காக்கும் வேளாண்மைப் பக்கம் திரும்பினார். 2010இல் இறக்கும்வரை அந்தக் கேள்வியை விடவில்லை. தன் வெற்றியைத் தானே கேள்வி கேட்கும் இந்தத் துணிவைக் கண்காட்சி எங்கே கற்றுக்கொடுக்கிறது? பதாகையில் 'பயன்கள்' என்று ஐந்து புள்ளிகள் இருக்கும், 'எங்கே பிழைத்தது' என்று ஒரு புள்ளி இருக்காது.

இலுப்பைக்கடவையில் நின்று செய்யக்கூடிய ஒரு செயற்றிட்டத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கிறேன். கரையோரக் கிணறுகளில் மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர், சித்திரை வைகாசியில் உவர் ஏறும். எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு? நாக்கு சொல்லும், ஆனால் நாக்குக்கு எண் தெரியாது. இரண்டு உலோகத் துண்டுகள், ஒரு பற்றறி, ஒரு மல்ரிமீற்றர். உப்புக் கூடினால் தண்ணீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். தெரிந்த அளவு உப்பைக் கரைத்து ஐந்தாறு போத்தல்களில் வைத்து முதலில் அவற்றை அளந்து ஒரு கோடு வரையவேண்டும். இதுவரை எல்லாம் பாடநூலில் இருக்கிறது. செய்யத் தொடங்கியதும் பிள்ளைக்குச் சிக்கல் வரும். மீற்றரில் எண் நிற்காது, இறங்கிக்கொண்டே போகும். உலோகத்தில் குமிழி பிடிக்கும். நேரோட்டம் தண்ணீரைப் பகுக்கத் தொடங்கிவிட்டது. அப்போது ஆடலோட்டம் ஏன் வேண்டும் என்று பிள்ளை தேடிப் போகும். அடுத்த சிக்கல், காலையில் ஒரு எண், மத்தியானம் இன்னொரு எண். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் கடத்தல் ஏறத்தாழ இரண்டு சதவீதம் உயரும். அதைத் திருத்தவேண்டும். இந்த இரண்டு சிக்கலையும் கடந்த பிள்ளை, உயர்தரப் பௌதிகவியலை முன்பே ஒருமுறை சந்தித்துவிட்டது. உபகரணத்துக்குப் பெரிய பணம் இல்லை, பாடசாலை ஆய்வுகூடமும் கட்டாயமில்லை. வேண்டியது, எண் இறங்கும்போது "ஏன் இறங்குது?" என்று பிள்ளையோடு நின்று யோசிக்கும் ஒரு ஆள்.

நண்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொன்று இருக்கிறது. நீலக்கால் நண்டும் மீனும் பழுதாகாமல் வாடியிலிருந்து வெளியே போக ஐஸ் வேண்டும், ஐஸ் உருகும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வெப்பம் உள்ளே வந்திருக்கவேண்டும். எனவே எவ்வளவு உருகியது என்று தராசில் நிறுத்தாலே பெட்டி எவ்வளவு மோசம் என்று தெரிந்துவிடும். ரெஜிபோம் பெட்டி, மரத்தூள் நிரப்பிய பெட்டி, நனைந்த சாக்கால் மூடிய பெட்டி. மூன்றையும் ஒரே நிழலில் வைத்து மணிக்கொருமுறை நிறுத்து எழுதினால் போதும். இத்தனை வருடமாகக் கண்காட்சியில் வீடு கட்டப் பயன்பட்ட ரெஜிபோம் அன்றைக்குத் தன் சொந்த வேலையைச் செய்யும்.

காற்றுக்கும் வருவோம். இந்தக் கரையில் வாடையும் சோளகமும் கச்சானும் எப்போது தொடங்கும், எப்போது சாயும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடம். காற்றிலிருந்து எடுக்கக்கூடிய வலு அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு. சோளகக் காலத்தில் தம்பபவனி ஏன் இவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதற்கு இந்த ஒரு விதி போதும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தை எடுத்திருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் சொன்ன முறைப்பாடுகளில் ஒன்று, காற்றாலைகளுக்குப் போட்ட பாதைகள் மழை வெள்ளம் வடிந்தோடும் வழியை மறிக்கின்றன என்பது. இது அரசியல் கேள்வி. அதே அளவுக்குப் பொறியியல் கேள்வியும்தான். எந்த ஒழுங்கையில், எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு, தண்ணீர் எத்தனை மணிநேரம் நின்றது என்று பத்துப் பாடசாலைப் பிள்ளைகள் தகர டின்னில் மழையை அளந்து, மதில்களில் அடையாளம் வைத்து எழுதி வைத்திருந்தால், அந்த முறைப்பாட்டை மேசைமீது வைக்கும்போது அதன் கனம் வேறு. சூழல் அறிக்கையை வெளியிலிருந்து வருபவர்கள் எழுதுவார்கள், ஊர் கைநாட்டு வைக்கும் என்ற முறை மாறவேண்டுமானால், அளக்கத் தெரிந்தவர்கள் ஊரிலிருந்து வரவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். தகப்பனோ மாமாவோ கடைக்காரரோ செய்து கொடுத்த மாதிரிகள் எல்லா வலயத்திலும் வருகின்றன. இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும், ஆனால் முகத்துக்கு அஞ்சி நடுவர்கள் கேட்காமல் விடுகிறார்கள். நடுவர்களும் பெரும்பாலும் ஆசிரியர்கள். தொழில்செய்யும் பொறியியலாளர்களை, மின்சார சபையிலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிலும் இதே மாவட்டத்தில் வேலை செய்பவர்களை, வலயக் கண்காட்சிக்கு அரை நாள் கூப்பிடுவது அவ்வளவு கடினமல்ல. கட்டுக்கரைக்குளத்துக்குத் தேக்கம் அணையிலிருந்து அருவியாற்றுத் தண்ணீரைத் திருப்பும் வாய்க்காலைப் பராமரிப்பவர், பிள்ளையின் 'நீர்ப்பாசன மாதிரி'யைப் பார்த்தால் கேட்கக்கூடிய கேள்வி வேறு. "வாய்க்காலுக்கு எவ்வளவு சரிவு விட்டாய்? அதைவிடக் கூட்டினால் மண் அரிக்காதா?" அந்தக் கேள்வியோடு பிள்ளை வீட்டுக்குப் போகும்.

மொழிச் சிக்கலும் உண்டு. தரம் 13 வரை தமிழில் படிக்கும் பிள்ளை, பொறியியல் பீடத்தில் முதல் நாளே ஆங்கிலத்தில் இறங்குகிறது. ஐசெஃப் நேர்காணலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இதற்குப் பயந்து வலய மட்டத்திலேயே பதாகைகளை ஆங்கிலத்தில் எழுதவைக்கும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தரம் 9இல் பிள்ளை தன் அளவீட்டைத் தமிழில் வாதாடட்டும். வாதாடத் தெரிந்தவனுக்கு மொழி பிறகு சேரும். மனப்பாடம் செய்த ஆங்கிலம் முதலாவது குறுக்குக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, பட்டத்தை மட்டுமே பொறியியல் என்று நினைக்கும் பழக்கம். உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பவியல் துறை வந்தது, அதிலிருந்து பல்கலைக்கழகத் தொழினுட்பப் பீடங்களுக்கு வழி இருக்கிறது. தேசியத் தொழில் தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது, ஏழாவது பட்டத்துக்கு நிகர். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டம் பட்டயப் பொறியியலாளரோடு டிப்ளோமாக்காரரையும் தொழினுட்பவியலாளரையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. போட் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, ஏன் சூடாகிறது என்று கண்டுபிடித்து எழுதிய பிள்ளை கணிதத்தில் சாதாரணப் பெறுபேறு எடுத்தாலும் அதற்குப் போக இடமிருக்கிறது. கண்காட்சியில் அந்தப் பிள்ளையின் மேசையை எரிமலைக்குப் பின்னால் தள்ளிவைக்கிறோம்.

போக இடங்கள் தூரத்திலும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் 2016 முதல் அதே இடத்தில். இலுப்பைக்கடவையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஒரு தலைமுறைக்கு முன் பொறியியல் பீடம் என்றால் பேராதனையும் மொரட்டுவையும்தான், அந்தப் பாதையில் எத்தனை காவலரண் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கொங்கிறீற் கட்டியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரமும், கடைசல் பட்டறையும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. வலயக் கண்காட்சியில் தெரிவாகும் தரம் 9 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், அவர்களுடைய செயற்றிட்டத்தை ஒரு பொறியியல் மாணவனின் கையில் கொடுத்து, குறை சொல்லச் சொல்லி, மூன்று மாதம் கழித்துத் திருத்திய செயற்றிட்டத்தை இரண்டாம் சுற்றில் கேட்டுப் பார்க்கலாம். கூட்டிப்போக ஒரு பஸ் வாடகை வேண்டும். ஒரு வருடக் கேடயங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தில் முதலாவது பஸ்ஸைப் பிடிக்கும்படி மடு வலயத்துக்குச் சொல்வேன்.